பஸ்டர் கீட்டன்: சிரிக்காமல் சிரிக்க வைத்த மெக்கானிக்

செமஸ்டர் முடிஞ்சு ஊருக்குப் போய், அம்மா கையால சாப்பிட்டு, ரெண்டு நாள் தூங்கி எழுந்து இந்த இதழைத் திறந்திருப்பீங்க. முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, இதுக்கு மார்க் கிடையாது.

இரண்டு மாடி மர வீடு ஒன்று. அதன் முன்பக்கச் சுவர் மட்டும் தனியாக, அடியில் கீல் வைத்து நிற்கிறது. எடை சுமார் இரண்டு டன். சுவரின் மேல் பகுதியில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. சுவர் அப்படியே முன்பக்கமாகச் சாய்ந்து விழப்போகிறது. அதற்கு முன்னால் ஒருத்தர் நிற்கணும். சுவர் அவர் மேல் விழணும். ஆனால் அவருக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது. அவரை எங்கே நிறுத்துவீங்க?

விடை ஈஸி. ஜன்னல் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறதோ, சுவரின் அடியிலிருந்து அத்தனை அடி தள்ளி நிறுத்தணும். சுவர் விழும்போது ஜன்னல் ஓட்டை வழியாக ஆள் வெளியே வந்துவிடுவார். பேப்பரில் போட்டால் ரெண்டு மார்க் கேள்வி. ஆனால் விமான என்ஜின்களை வைத்து சூறாவளிக் காற்று அடிக்க விட்டிருக்காங்க. சுவர் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு விழலாம். தோளுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவில் இருப்பது சில அங்குல இடைவெளி. ரீடேக் கிடையாது. இப்போ அந்த இடத்தில் நிற்கப்போவது நீங்களே என்றால்?

1928-ல் வெளிவந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் பஸ்டர் கீட்டன் நின்றார். தரையில் அடித்த அடையாளத்தில் போய் நின்று, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் விழுந்தது. அப்புறம் அங்கிருந்து ஓடிப் போனார்.

ஜாக்கி சானின் ‘ப்ராஜெக்ட் ஏ’ இரண்டாம் பாகம் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். அது கீட்டனுக்கு ஜாக்கி சான் வைத்த வணக்கம்.

எனக்கு இந்த மனுஷன் அறிமுகமானது ஹாஸ்டலில். மறுநாள் பரீட்சை. ரூம்மேட் தூங்கிட்டான், ஹெட்ஃபோன் ரிப்பேர். சத்தமே இல்லாமல் பார்க்க ஏதாவது இருக்கான்னு தேடினப்போ கிடைத்தது ஒரு ஊமைப்படம். அன்னைக்கு ராத்திரி போர்வைக்குள்ள வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சதுல பாதி யூனிட் படிக்காமலே போச்சு. அந்தப் பேப்பர் என்ன ஆச்சுன்னு தயவுசெஞ்சு கேட்காதீங்க.

கதைக்கு வருவோம்.

1895 அக்டோபர் 4. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பிக்குவா என்ற குட்டி ஊர். அப்பா ஜோ கீட்டன், அம்மா மைரா. இருவரும் ஊர் ஊராகப் போய் ஆட்டம், பாட்டு, குட்டிக்கரணம் எல்லாம் காட்டி நடுவில் மருந்து விற்கும் கூட்டத்தோடு திரிந்தவர்கள். நம்ம ஊர் சந்தையில் லேகியம் விற்கிறவரைச் சுற்றி கூட்டம் கூடுமே, அதையே கொஞ்சம் பெரிய அளவில் கற்பனை பண்ணிக்கோங்க. அந்தக் கூட்டம் போகிற வழியில் தங்கிய ஊரில் பிறந்த பிள்ளைக்கு ஜோசப் ஃபிராங்க் கீட்டன் என்று பெயர் வைத்தார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது மாடிப்படியில் உருண்டு விழுந்தும் அடிபடாமல் எழுந்து உட்கார்ந்ததால் ‘பஸ்டர்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதாகச் சொல்வார்கள். மேடைக்காரர்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பலமாக விழுவது என்று பொருள். பெயர் வைத்தவர் மாயாஜாலக்காரர் ஹூடினி என்று கீட்டனே ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆராய்ந்தவர்கள் அதை நம்புவதில்லை. ஆனால் கதை நல்லா இருக்கு.

ஐந்து வயதில் பஸ்டரும் மேடை ஏறினான். ‘மூன்று கீட்டன்கள்’ என்று நிகழ்ச்சிக்குப் பெயர். அப்பா அடங்காத பிள்ளையைத் திருத்தப் பார்ப்பார், பிள்ளை சேட்டை பண்ணும். உடனே அப்பா அவனைத் தூக்கி எறிவார். நிஜமாகவே எறிவார். திரைச்சீலை மேலே, வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்துக்குள்ளே, சில நேரம் பார்வையாளர்கள் பக்கமே பறந்து போவான். பிடித்துத் தூக்க வசதியாக அவன் சட்டையின் முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள். குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தார் சும்மா விடவில்லை. நியூயார்க்கில் பலமுறை தடை வந்தது. பையன் அல்ல, குள்ளமான பெரியவன்தான் என்று சொல்லி ஏமாற்றியும் பார்த்தார்கள். வளர்ந்த பிறகு கேட்டவர்களிடம், விழத் தெரிந்தவனுக்கு அடி படாது, அப்பா என்னைக் கொடுமைப்படுத்தியதே இல்லை என்றுதான் கீட்டன் சொல்லிவந்தார். எனக்கு இதைப் படிக்கும்போது சிரிப்பு வரலை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் ஒரு பிள்ளை, வீட்டுக்கு வருமானம் கொண்டுவரும் பந்தாக இருந்திருக்கு. பள்ளிக்கூடமா? மொத்தமே ஒரு நாள்தான் போனதாக அவர் கணக்கு.

அந்த மேடையில்தான் ஒன்றைக் கவனித்தான். விழுந்து எழுந்து அவன் சிரித்தால் கூட்டம் சிரிக்கவில்லை. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டால் அரங்கமே அதிர்ந்தது. சின்னப் பையன் சோதனை செய்து கண்டுபிடித்த முடிவு அது. பின்னாளில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ‘சிரிக்காத முகம்’ அங்கே பிறந்ததுதான்.

பையன் வளர வளர அப்பாவுக்குக் குடி அதிகமானது. தூக்கி எறிகிற ஆளின் கை நிதானம் தப்பினால், பறக்கிற ஆள் எங்கே போய் விழுவான் என்று யார் சொல்ல முடியும்? 1917 தொடக்கத்தில், 21 வயதில், அம்மாவை அழைத்துக்கொண்டு பஸ்டர் வெளியேறினார். நியூயார்க்கில் ஒரு பெரிய மேடை நிகழ்ச்சியில் வாரம் 250 டாலர் சம்பளத்துக்கு ஒப்பந்தமும் ஆனது. அந்தக் காலத்துக்கு அது நல்ல பேக்கேஜ்.

சேர்வதற்கு முன்னால் ஒரு நாள், ராஸ்கோ ஆர்பக்கிள் என்ற சினிமா நகைச்சுவை நடிகரின் ஸ்டுடியோவுக்கு வேடிக்கை பார்க்கப் போனார். அப்போது ஆர்பக்கிள் பெரிய ஸ்டார். அங்கே கீட்டனை இழுத்தது நடிப்பு இல்லை, கேமரா. அதை இரவல் வாங்கி அறைக்கு எடுத்துப் போய், பாகம் பாகமாகக் கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்திருக்கிறார். நம்மில் எத்தனை பேர் சின்ன வயசில் ரேடியோவைக் கழற்றி, மாட்டும்போது நாலு ஸ்க்ரூ மிச்சம் வைத்து, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்போம்! இவர் சரியாக மாட்டிவிட்டார். 250 டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, வாரம் 40 டாலருக்கு ஆர்பக்கிளிடம் சேர்ந்தார். ‘தி புட்சர் பாய்’ முதல் படம்.

1918-ல் ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பிரான்ஸில் சில மாதங்கள். சண்டை போட்டதைவிட, ஈரத் தரையில் படுத்துக் காதில் தொற்று வந்து, கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறைந்ததுதான் மிச்சம். திரும்பி வந்ததும் மறுபடி ஆர்பக்கிள். 1920-ல் ஆர்பக்கிள் பெரிய படங்களுக்குப் போக, தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க், கீட்டனுக்குத் தனி யூனிட்டே கொடுத்தார். முன்பு சாப்ளின் படமெடுத்த ஸ்டுடியோ அது. என்ன எடுக்கிறாய், எவ்வளவு ஆகும் என்று யாரும் தலையில் உட்காரவில்லை. எழுதி முடித்த ஸ்கிரிப்ட் கிடையாது. ஒரு தொடக்கம் இருக்கணும், ஒரு முடிவு இருக்கணும், நடுவில் இருப்பது தானாக வரும் என்று நம்பிய கூட்டம். யோசனை வரலைன்னா எல்லாரும் போய் பேஸ்பால் ஆடுவார்கள்.

அடுத்த எட்டு வருஷம்தான் நான் உங்களிடம் சொல்லத் துடிக்கிற பகுதி.

1920-ல் ‘ஒன் வீக்’. புதுசாகக் கல்யாணமான ஜோடிக்கு ஒரு வீடு பரிசாக வருகிறது, பெட்டிகளில். எண்படி எடுத்து நீங்களே மாட்டிக்கொள்ளும் வீடு. பொண்ணு கிடைக்காத ஒருத்தன் பொறாமையில் பெட்டிகளின் எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். அப்புறம் என்ன? கதவு மாடியில், சுவர் கோணலாக, கூரை எங்கேயோ. இன்ஜினியரிங் டிராயிங் ஷீட்டைத் தலைகீழாகப் பிடித்தால் வரும் வீடு. புயல் அடிக்கும்போது அந்த வீடே ராட்டினம் போலச் சுற்றும். ட்ரிக் ஷாட் இல்லை, வீட்டைச் சுழலும் மேடை ஒன்றின் மேல்தான் கட்டியிருந்தார்கள்.

1921-ல் தானியங்கி வீடு பற்றிய படம் ஒன்று எடுக்கும்போது, எஸ்கலேட்டரில் ஷூ மாட்டிக் கணுக்கால் உடைந்தது. குதிக்க முடியாது. குதிக்காமல் என்ன பண்ணலாம் என்று யோசித்து எடுத்த படம் ‘தி ப்ளேஹவுஸ்’. அதில் ஒரே திரையில் ஒன்பது கீட்டன்கள் வரிசையாக நிற்பார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். லென்ஸின் முன்னால் பட்டை பட்டையாகத் திறந்து மூடும் மறைப்பு ஒன்றை வைத்தார்கள். ஒரு பட்டையை மட்டும் திறந்து ஒரு கீட்டனைப் பிடிப்பது, ஃபிலிமைத் தொடக்கத்துக்குச் சுற்றுவது, அடுத்த பட்டையைத் திறப்பது, இப்படி ஒன்பது தடவை அதே ஃபிலிமில். கேமராவைக் கையால் சுற்றுகிற காலம் அது. ஒன்பது தடவையும் ஒரே வேகத்தில் சுற்றணும். ஒரு தடவை பிசகினால் மொத்தமும் குப்பை. சுற்றியவர் எல்ஜின் லெஸ்லி. கீட்டன் மெட்ரோனோம் தாளத்துக்கு ஆடினார், லெஸ்லி கை பிசகாமல் சுற்றினார். நடிகர்கள் பெயரை மட்டும் மனப்பாடம் பண்ணுகிற நாம் இந்தப் பெயரையும் ஒரு மூலையில் எழுதி வைக்கலாம். (அந்தக் காட்சியில் ஒன்பது பேரும் முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களாக வேஷம் போட்டிருப்பார்கள். அன்றைக்கு அமெரிக்க மேடையில் அது சகஜம். இன்றைக்குப் பார்க்கையில் நெருடும். நெருடணும்.)

அதே 1921-ல் நடிகைகள் குடும்பமான டால்மட்ஜ் வீட்டுப் பெண் நாட்டலியுடன் கல்யாணம். இரண்டு மகன்கள். அதே வருஷம் ஆர்பக்கிள் மேல் ஒரு நடிகையின் மரணத்தை ஒட்டி வழக்குப் பாய்ந்தது. மூன்று விசாரணைகளுக்குப் பிறகு 1922-ல் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தும், நடிப்பு வாழ்க்கை முடிந்துபோனது. ஊரே ஒதுங்கியபோது கீட்டன் ஒதுங்கவில்லை. கற்றுக்கொடுத்தவர் ஆச்சே.

1924-ல் ‘ஷெர்லாக் ஜூனியர்’. தியேட்டரில் படம் ஓட்டுகிற பையன் தூங்கிப்போய், கனவில் எழுந்து நடந்து திரைக்குள்ளேயே நுழைந்துவிடுவான். உள்ளே நுழைந்ததும் படம் வெட்டி வெட்டி மாறும். உட்காரப் போனால் தெரு. நடந்தால் மலை விளிம்பு. எட்டிப் பார்த்தால் சிங்கம். கடலில் குதித்தால் பனிக் குவியலில் தலைகீழாகக் கிடப்பான். இடம் மாறுகிறது, ஆள் மட்டும் அதே இடத்தில் அதே நிலையில் தொடர்கிறான். எப்படி? ஒவ்வொரு இடத்திலும் கேமராவுக்கும் அவருக்கும் உள்ள தூரத்தையும் கோணத்தையும் சர்வே கருவிகள் வைத்து அளந்து, அங்குலம் பிசகாமல் நிறுத்தியிருக்கிறார்கள். சர்வே லேப்ல உச்சி வெயில்ல ஸ்டாஃபைப் பிடிச்சுக்கிட்டு இதெல்லாம் எதுக்குன்னு திட்டின சிவில் நண்பர்களே, இதுக்கும்தான்.

அதே படத்தில் ரயில் மேல் ஓடி, தண்ணீர்த் தொட்டிக் குழாயைப் பிடித்துத் தொங்குவார். தண்ணீர் கொட்டும். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வேகத்தில் கொட்டி அவரைத் தூக்கிப் போட, பின்கழுத்து தண்டவாளத்தில் மோதியது. எழுந்து ஓடினார், ஷாட் ஓகே. சில நாள் கடுமையான தலைவலி, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார். பல வருஷம் கழித்து வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுத்த டாக்டர்தான், உங்கள் கழுத்து எலும்பு எப்போது உடைந்தது என்று கேட்டாராம். உடைந்து, தானே கூடியும் இருந்தது. அந்த ஷாட் இன்றும் படத்தில் இருக்கிறது.

அடுத்து வந்த ‘தி நேவிகேட்டர்’ நல்ல வசூல். அதில் தண்ணீருக்கடியில் எடுத்த காட்சிக்குத் தெளிந்த நீர் வேண்டுமென்று டாஹோ ஏரிக்குப் போய், எலும்பு உறையும் குளிரில் முங்கியிருக்கிறார்கள். 1925-ன் ‘செவன் சான்சஸ்’ பற்றி ஒன்று மட்டும் சொல்லணும். படத்தை முடித்து, வெளியிடும் முன் சோதனைக்காக மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். மலையிலிருந்து ஓடி வரும்போது காலில் தட்டித் தற்செயலாக மூன்று கல் உருண்டு அவரைத் துரத்தின. மக்கள் சிரித்தார்கள். கீட்டன் படத்தைத் திரும்ப எடுத்துப் போய், காகிதக்கூழில் நூற்றுக்கணக்கான பாறைகள் செய்யச் சொல்லி, மலை முழுக்க உருட்டிவிட்டுத் திரும்பி எடுத்தார். யூசர் டெஸ்டிங் என்று இப்போது நம்மிடம் சொல்லித் தருகிறார்களே, இதுதான்.

இப்போது ‘தி ஜெனரல்’. 1926.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862-ல் வடக்கு ராணுவத்தின் ஒற்றர்கள் தெற்குப் பகுதிக்குள் புகுந்து ஒரு ரயில் என்ஜினைக் கடத்தினார்கள். தெற்கத்தி ரயில்காரர்கள் விரட்டிப் பிடித்தார்கள். நிஜச் சம்பவம். கீட்டனுக்கு ரயில் என்றால் உயிர். பழைய பாணித் தண்டவாளமும் மரம் எரிக்கும் என்ஜின்களும் கிடைத்த ஆரிகன் மாநிலத்தின் காட்டேஜ் க்ரோவ் என்ற ஊரில் போய் இறங்கினார். மாநிலக் காவல் படையின் நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு ஒரு நேரம் வடக்கு யூனிஃபார்ம், ஒரு நேரம் தெற்கு யூனிஃபார்ம் மாட்டி இரண்டு ராணுவமாகவும் ஓட விட்டார்.

இதில் ஒரு காட்சி. காதலி கோபித்துக்கொண்டாள். சோகத்தில் என்ஜின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டில் உட்கார்ந்திருப்பார். உள்ளே யாரோ என்ஜினைக் கிளப்ப, தண்டோடு சேர்ந்து அவரும் மேலே கீழே, மேலே கீழே என்று போவார், கவனிக்காமலே. பார்க்க அழகு. ஆனால் நீராவி கொஞ்சம் அதிகமாகப் போய் சக்கரம் வழுக்கிச் சுழன்றிருந்தால் ஆள் காலி. இன்னொரு காட்சி. ஓடும் என்ஜினின் மூக்கில் ஒரு கனமான தண்டவாளக் கட்டையைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். எதிரே தண்டவாளத்தில் குறுக்கே இன்னொரு கட்டை. கையிலிருந்த கட்டையைத் தூக்கி, கிடக்கிற கட்டையின் ஒரு முனையில் போடுவார். நெம்புகோல் மாதிரி அது எகிறி இரண்டுமே ஓரமாகப் போய்விழும். ஒரு விநாடி தவறினால் தடம்புரளும். மெக்கானிக்ஸ் பாடத்தில் மொமெண்ட் என்று படிக்கிறோம். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உச்சக்கட்டம் பாலம். 1926 ஜூலையில் ரோ ஆற்றின் மேல் கட்டிய மரப் பாலத்துக்குத் தீ வைத்து, நிஜ என்ஜினையே அதன் மேல் ஓட்டினார்கள். உள்ளே டிரைவருக்குப் பதில் பொம்மை. பாலம் உடைந்து என்ஜின் ஆற்றில் விழுந்தது. வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். அந்த ஒரு ஷாட்டின் செலவு 42,000 டாலர் என்று சொல்வார்கள். ஊமைப்பட காலத்திலேயே அதிகச் செலவான ஷாட் அதுதானாம். விழுந்த என்ஜின் அந்த ஆற்றிலேயே கிடந்து, இரண்டாம் உலகப் போரின்போது பழைய இரும்புக்குப் போனது.

இவ்வளவு செய்து என்ன? விமர்சகர்கள் துவைத்து எடுத்தார்கள். காமெடியா, போர்ப் படமா என்று குழம்பினார்கள். போட்ட பணத்துக்கு ஏற்ற வசூல் இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடணும். படத்தின் நாயகன் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் பக்கத்து ஆள். அடிமைகள் பற்றிப் படத்தில் பேச்சே இல்லை. நிஜத்தில் பிடிபட்ட வடக்கத்தி ஒற்றர்களில் எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள். அது காமெடிக்கு உதவாது என்று விட்டிருப்பார். நூறு வருஷம் கழித்துப் பார்க்கிற நாம் இதைத் தெரிந்துகொண்டே பார்ப்பதுதான் சரின்னு எனக்குத் தோணுது.

பண நஷ்டத்தின் பலன் மெதுவாக வந்தது. ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ எடுக்கும்போதே அவருடைய ஸ்டுடியோ மூடப்படும் என்று தெரிந்துவிட்டது. சுவர் விழும் காட்சியில் தான் பிழைத்தால் என்ன, பிழைக்காவிட்டால் என்ன என்ற மனநிலையில் நின்றதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் நான் சொன்ன அசையாத முகத்தை இதை மனசில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை பாருங்க.

ஷெங்கின் யோசனைப்படி 1928-ல் எம்.ஜி.எம். என்ற ராட்சத நிறுவனத்தில் கையெழுத்துப் போட்டார். போகாதே என்று சாப்ளின் சொன்னார், ஹெரால்ட் லாய்டும் சொன்னார். கேட்கவில்லை. வாரம் 3,000 டாலர் சம்பளம். முதல் படம் ‘தி கேமராமேன்’ அருமையாகவே வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் எழுதி, அச்சடித்து, கையொப்பம் வாங்கிய ஸ்கிரிப்ட். ஒரு காமெடியை மாற்ற வேண்டுமென்றால் பத்து மேஜை தாண்டணும். ஆபத்தான காட்சிகளை நீ செய்யாதே, இன்சூரன்ஸ் பிரச்சினை என்றார்கள். நிறையப் பேர் பேசும்படம் வந்ததால் கீட்டன் வீழ்ந்தார் என்று எழுதுகிறார்கள். தப்பு. அவர் குரல் நன்றாகவே இருந்தது. அவர் நடித்த பேசும்படங்கள் பணமும் சம்பாதித்தன. அவருக்குத்தான் அவற்றைப் பிடிக்கவில்லை. வாய் ஓயாமல் பேசும் ஒரு அசட்டுப் பாத்திரமாக அவரை ஆக்கி வைத்தார்கள். அந்த வெறுப்பில் குடித்தார். அப்பாவின் குடியைப் பார்த்துத்தான் மேடையை விட்டு வந்தவர். அதே இடத்துக்கு அவரும் வந்து சேர்ந்தார்.

1932-ல் விவாகரத்து. பெவர்லி ஹில்ஸ் மாளிகை போனது. மகன்கள் போனார்கள், அவர்கள் பெயரிலிருந்த கீட்டன்கூட நீக்கப்பட்டு அம்மா வீட்டுப் பெயர் ஏறியது. 1933-ல் எம்.ஜி.எம். வேலையை விட்டு நீக்கியது. வயது 37. அதன் பிறகு சில வருஷங்கள் பற்றி எழுதக் கை வரலை. அவசரக் கல்யாணம் ஒன்று, அதுவும் முறிந்தது. மருத்துவமனை. மலிவான குறும்படங்கள். பிறகு அதே எம்.ஜி.எம்.முக்கே, வாரம் 100 டாலருக்கு, மற்றவர்கள் படத்துக்குக் காமெடி சொல்லிக் கொடுக்கும் ஆளாகத் திரும்பினார். மார்க்ஸ் சகோதரர்களுக்கும் ரெட் ஸ்கெல்டனுக்கும் யோசனை கொடுத்தார். தன் பழைய படங்களின் காட்சிகளையே இன்னொருத்தர் நடிக்க அவரே சொல்லிக் கொடுத்த நாளும் உண்டு.

1940-ல் வாழ்க்கை கொஞ்சம் திரும்பியது. பிரிட்ஜ் சீட்டாட்டம் கற்றுக்கொள்ள வந்த எலினார் நோரிஸ் என்ற நடனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு 44, எலினாருக்கு 21. இது எத்தனை நாளைக்கு என்று எல்லாரும் தலையாட்டினார்கள். கீட்டன் சாகும்வரை நீடித்தது. 1947-ல் பாரிஸின் மெட்ரானோ சர்க்கஸில் மேடை ஏறினார். 1949-ல் ஜேம்ஸ் ஏஜி என்ற விமர்சகர் லைஃப் பத்திரிகையில் ஊமைப்படக் காமெடியர்கள் பற்றி நீண்ட கட்டுரை எழுத, மறந்தவர்களுக்கு ஞாபகம் வந்தது. 1952-ல் சாப்ளினின் ‘லைம்லைட்’ படத்தில் இருவரும் சேர்ந்து வந்தார்கள், முதலும் கடைசியுமாக.

ஆனால் அவர் படங்கள் எங்கே? அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட். தானாகவே அழுகும், சீக்கிரம் தீப்பிடிக்கும். பல ஊமைப்படங்கள் அப்படித்தான் பொடியாகிப் போயின. கீட்டன் இழந்த மாளிகைக்குப் பிறகு குடிவந்த நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே ஒரு பெட்டக அறையில் ஃபிலிம் சுருள்கள் இருப்பதைக் கண்டார். ரேமண்ட் ரோஹவர் என்பவர் கீட்டனோடு சேர்ந்து, கிடைத்ததையெல்லாம் தேடி எடுத்துப் புது ஃபிலிமுக்கு மாற்றும் வேலையில் இறங்கினார். 1960-ல் கௌரவ ஆஸ்கர். 1965-ல் வெனிஸ் விழாவில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. துவைத்தெடுக்கப்பட்ட ‘தி ஜெனரல்’ 1972-ல் சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை எடுத்த உலகின் சிறந்த பத்துப் படங்கள் பட்டியலில் இருந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

கடைசி நாட்களில் இருந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு பொம்மை ரயில் ஓடவிட்டிருந்தார். விருந்தாளிகளுக்குத் தின்பண்டம் அதில்தான் வரும். 1964-ல், 69 வயதில், ‘தி ரெயில்ராடர்’ என்ற குறும்படத்துக்காகக் கனடா முழுக்க ஒரு சின்னத் தண்டவாள வண்டியில் போனார். உயரமான பாலம் ஒன்றின் மேல் வண்டி போகும்போது, பெரிய வரைபடம் விரிந்து தன் மேல் சுற்றிக்கொள்ளும் காட்சியை அவர் யோசித்தார். இளைஞரான இயக்குநர் ஆபத்து என்று மறுத்து, வேறு மாதிரி எடுக்கப் பார்த்தார். கீட்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. பாலம் ஆபத்தா? அவருக்கா? கடைசியில் அவர் சொன்னபடிதான் எடுத்தார்கள். படப்பிடிப்பைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில் இந்தச் சண்டையை முழுசாகப் பார்க்கலாம்.

1966 பிப்ரவரி 1-ம் தேதி நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். நோய் இன்னதென்று அவரிடம் சொல்லவில்லை. முந்தின நாள் வரை சீட்டாடிக்கொண்டிருந்தார்.

அவர் எடுத்த ஊமைப்படங்கள் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எதில் ஆரம்பிப்பதென்று கேட்டால், ‘ஒன் வீக்’. இருபது நிமிஷம்தான், மெஸ் திறக்கிறதுக்குள்ள பார்த்துடலாம். கடைசியில் அந்தக் கோணல் வீடு தண்டவாளத்தின் குறுக்கே மாட்டிக்கொள்ளும், ஒரு ரயில் வரும். என்ன ஆகுதுன்னு சொல்ல மாட்டேன். ரயில் போயிடுச்சு, அப்பாடான்னு நீங்க மூச்சு விடுவீங்க பாருங்க, அப்போ மட்டும் லேப்டாப்பை மூடிடாதீங்க.